உடனொளிர் வேதியுணரி

ஆய்வுக்கூடங்களில் 'ஃபுளூரசன்ட் கெமோசென்சார்' என்பார்கள். கரைசலில் உள்ள உலோக அயனியைப் பற்றிக்கொண்டு, பற்றியதை ஒளியின் மாற்றத்தால் தெரிவிக்கும் மூலக்கூறு இது.

ஃபுளூரசன்ஸ் என்ற சொல்லின் வேரில் ஒளியே இல்லை. தாதுவை உருக்கும்போது கசடு இளகி ஓடுவதற்காக ஃபுளூர்ஸ்பார் என்ற கனிமத்தைச் சேர்ப்பார்கள். 'ஓடுதல்' என்னும் இலத்தீன் வினையே அந்தப் பெயருக்கு மூலம். ஒளிரும் தன்மை கொண்ட அந்தக் கனிமத்தின் பெயரிலிருந்து இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் இச்சொல்லை உருவாக்கினார்.

தமிழில் வெறுமனே 'ஒளிரும் உணரி' என்று எழுதினால் போதாது. மின்மினியும்தான் ஒளிர்கிறது! இங்கே மூலக்கூறு வெளியிலிருந்து வரும் ஒளியை உறிஞ்சி, பெரும்பாலும் சில நானோ நொடிகளுக்குள் அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழ்கிறது. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும். அணைத்த பிறகும் நீடிப்பது நின்றொளிர்தல். ஆகவே 'உடனொளிர்' என்ற அடை வேண்டும். 'உணர்கருவி'யும் பொருந்தாது; ஒற்றை மூலக்கூறைக் கருவி என்பது மிகை.

முதல் உணரி சாயத்திலிருந்து வந்தது. முசுக்கட்டைக் குடும்ப மரங்களில் கிடைக்கும் மோரின் என்ற மஞ்சள் பொருள் அலுமினிய அயனியோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிர்வதை 1867இல் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் கோப்பெல்ஸ்ரோடர் பதிவுசெய்தார். இப்படி ஒரு மூலக்கூறு பல முனைகளில் அயனியைக் கவ்வுவதைக் கொடுக்கிணைப்பு என்கிறோம். மூலச்சொல்லான 'கீலேட்'டும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான், அருமையான தமிழாக்கம்.

பின்னாளில் இத்தகைய உணரிகளைத் திட்டமிட்டே வடிவமைத்தார்கள். அயனியைப் பற்றும் ஏற்பி ஒரு முனையில், ஒளிரும் பகுதி மறுமுனையில், நடுவே குட்டையான இணைப்பு. ஏற்பியில் உள்ள நைட்ரஜனின் தனி இணை (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான்களில் ஒன்று, ஒளியை உறிஞ்சிக் கிளர்ச்சியுற்ற ஒளிர்பகுதிக்குத் தாவி ஒளியைத் தணித்துவிடும். துத்தநாகம் போன்ற அயனி வந்து அந்த இணையைப் பிணைத்துக்கொண்டால் தாவல் நிற்கும், ஒளி எழும். இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் இலங்கையில் பிறந்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய அ. பி. டி சில்வா. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளக்கும் மருத்துவமனைப் பகுப்பாய்விகளுக்கு அவருடைய உணரிகள் போய்ச் சேர்ந்தன.

'உணரி' என்ற சொல் பொதுவாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. எல்லா உணரியும் அயனியைக் கண்டு ஒளிர்வதில்லை. செம்பு அயனி பல ஒளிர்பொருள்களின் ஒளியை அணைத்துவிடும். அங்கே இருட்டே விடை. ஆனால் ஒளியைத் தணிக்கக் கரைசலில் வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், ஆய்வாளர்கள் ஒளி ஏற்றும் உணரிகளையே பெரிதும் விரும்புகிறார்கள்.