தட்டில் செல் செத்தால் மருந்தாகிவிடுமா?

புற்றுநோயை அழிக்கும் புதிய சேர்மம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டுதான்.

சோதனை எளிது. குழிக்கு 5,000 முதல் 10,000 புற்று செல்கள் போட்டு, ஒட்டிக்கொள்ள ஓர் இரவு விடுகிறோம். சேர்மத்தைப் பல செறிவுகளில் சேர்த்து 48 அல்லது 72 மணி நேரம் 37 டிகிரியில் வைக்கிறோம். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயம், மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக்கும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அடர்த்தியை அளக்கிறோம். ஊதா பாதியாகக் குறையும் செறிவுதான் ஐசி50.

சிக்கலே அந்த ஊதாவில்தான். அது காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, சாவை அல்ல. செல் சாகாமல் மந்தமானாலும் நிறம் குறையும். தயோல் என்ற கந்தகத் தொகுதி உள்ள சேர்மங்களோ, செல்லே இல்லாத குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். அதனால் செல் போடாமல் சேர்மமும் சாயமும் மட்டும் இட்ட குழிகள் கட்டாயம் வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சேர்மத்தையும் முதலில் டிஎம்எஸ்ஓவில்தான் கரைக்கிறோம். அதில் அழகாகக் கரைந்த பொருள், செல் வளரும் நீர்ம ஊடகத்தில் விழுந்ததும் ஊசி ஊசியாகப் பிரிந்து படியலாம். நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காவிட்டால், கரையாத பொருளுக்கும் ஒரு ஐசி50 எழுதி வைப்போம். டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே பல செல்களைப் பாதிக்கத் தொடங்கும். ஓரக் குழிகளில் நீர் ஆவியாகிச் செறிவு கூடும். அவற்றில் வெறும் உப்புக் கரைசல் ஊற்றிவிடுவது நல்லது.

சேர்மத்தின் தூய்மையை, கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் பார்த்து 95 சதவீதமாவது இருக்க வேண்டும். சேர்மத்தைத் தயாரிக்கப் பயன்பட்ட பல்லேடியம் வினையூக்கியின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், செல்லைக் கொன்றது எது என்றே சொல்ல முடியாது. செல்லின் அடையாளமும் அப்படித்தான். மார்பகப் புற்று செல் என்று வெகுகாலம் நம்பப்பட்ட எம்டிஏ-எம்பி-435, மரபணுச் சோதனையில் மெலனோமா என்ற தோல் புற்று செல்லாக இருந்தது.

இனி எண்ணுக்கு வருவோம். 100 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) என்ற உயர்ந்த அளவில் எத்தனையோ பொருட்கள் செல்லைக் கொல்லும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல்வகைச் சோதனையில் பல்லாண்டுகளாக முதல் வடிகட்டலே 10 மைக்ரோமோலாரில்தான் நடந்தது. அதோடு, நலமான செல்லுக்கு அதே பொருள் எவ்வளவு நஞ்சு என்ற எண் பக்கத்தில் இல்லாவிட்டால், ஐசி50ஐ வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. அமிலமும்தான் புற்று செல்லைக் கொல்லும்.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து செல் பிரிதலைத் தடுப்பது 1965இல் பாக்டீரியாவில் தெரியவந்தது; அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அது சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்து, நரம்பு வழியே நிறைய உப்புநீர் ஏற்றிக் கொடுக்கும் முறை வந்தது. எந்தத் தட்டும் அதைக் காட்டியிருக்காது, தட்டுக்குச் சிறுநீரகம் இல்லையே.

செய்தியைப் படித்துவிட்டு அந்தப் பொருளை இணையத்தில் தேடும் நோயாளிகள் உண்டு. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டிய புட்டியில் கிருமி நீக்கம் இருக்காது, மனிதருக்கான அளவும் இருக்காது. நடந்துகொண்டிருக்கும் கீமோ மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தை மாற்றி, உடலில் அதன் அளவையே அது ஏற்றி இறக்கிவிடலாம். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால், அடுத்த சுற்றுக்கு முன் புட்டியோடு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.