இயக்கி: கருனியில் சாரதிக்கு இடமில்லை

"கேணல் சாரதி சாதனத்தை உறக்கநிலைக்கு அனுப்புகிறார்." கிளிநொச்சியில் நான் எடுத்த வகுப்பொன்றுக்கு வந்த தமிழ்க் குறிப்பில் இப்படி இருந்தது. இதே வகை வாக்கியத்தை இந்த ஆண்டில் நான்காவது முறையாகப் படிக்கிறேன். கேணல் என்பது படைப்பதவி. சாரதி அவருடைய வாகனத்தை ஓட்டுபவர். வன்னியில் இவ்விரு சொற்களையும் சேர்த்துக் கேட்பவர் மனத்தில் வேறென்ன எழும்? சொல்ல வந்ததோ 'கேர்னல் டிரைவர்' பற்றி, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளே இருந்து ஒரு வன்பொருட் கட்டுப்படுத்தியின் வலுவைக் கவனிக்கும் மென்பொருட் பகுதியைப் பற்றி.

படைப்பதவியும் விதைப்பருப்பும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடையவை. பருப்பைக் குறிக்கும் 'கேர்னல்' என்ற சொல்லையே இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு வைத்தார்கள். அதற்குக் 'கருனி' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. 'கரு' என்றே நிறுத்தலாம் என்பவர்கள் புணர்ச்சியைப் பார்க்க வேண்டும். 'கரு'வும், 'டிரைவர்' என்பதற்கு நான் எழுதும் 'இயக்கி'யும் சேர்ந்தால் 'கருவியக்கி' ஆகும். படிப்பவர் அதைக் கருவியோடு குழப்பிக்கொள்வார்.

இனி 'டிரைவர்'. அதன் வினையடிக்குப் பழம்பொருள் துரத்துவது, முன்னே தள்ளுவது. பட்டி மாட்டைச் சாய்த்துக்கொண்டு போகிறோமே, அதுதான். வண்டியோட்டும் பொருள் பின்னால் வந்தது. சாரதி வடசொல்; ரதத்தோடு வந்தது.

சாரதி அனுமதிப்பத்திரத்திலும் பஸ்ஸிலும் அந்தச் சொல் இருக்கட்டும். அங்கே அதற்குக் குறையில்லை. கணினிக்குள் கொண்டுவரும்போதுதான் கேடு தொடங்குகிறது. முதலில் இலக்கணம். சாரதி உயர்திணை. எனவே 'அனுப்புகிறார்', 'நிறுத்துகிறார்', 'விழிக்கிறார்' என்று வினைகளெல்லாம் மரியாதை விகுதியோடு வந்து நிற்கின்றன. ஒரு மென்பொருளுக்கு 'ஆர்' விகுதி எதற்கு? தூய தமிழ் வேண்டும் என்று 'வலவன்' என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைத்தார் நண்பர் ஒருவர். தேரோட்டியைக் குறிக்கும் நல்ல சொல்தான், ஆனால் அதுவும் ஆள்தான். 'ஓட்டுநர்' என்றாலும் அதே கதை.

இலக்கணத்தைவிடப் பெரிய பிழை பொருளில் இருக்கிறது. குறிப்பைப் படித்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், சாரதி நித்திரை கொண்டால் பிறகு யார் ஓட்டுவது?" சொல் பிழைத்ததால் பிறந்த கேள்வி அது. வழியைத் தீர்மானிப்பவர், வண்டியைக் கையில் வைத்திருப்பவர் சாரதி என்றுதான் பிள்ளை நினைக்கும். கருனிக்குள் நடப்பது வேறு. ஒரு சாதனத்தை எத்தனை நிரற்பகுதிகள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கையைக் கருனி வைத்திருக்கிறது. அது பூச்சியமானால் இயக்கியின் உறக்கச் செயலைக் கருனி அழைக்கலாம். இயக்கி புதிய வேலை எடுப்பதை நிறுத்துகிறது, கையிலுள்ளதை முடிக்கிறது, சாதனத்துக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான பதிவகங்களின் மதிப்புகளைச் சேமிக்கிறது, கடிகாரத் துடிப்பை நிறுத்துகிறது, கடைசியில் வலுவைத் துண்டிக்கிறது. விழிக்கும்போது இதே வேலைகள் பின்னிருந்து முன்னாக நடக்கின்றன. ஓரிடத்தில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக் குறைக்க மறந்தால் சாதனம் உறங்கவே உறங்காது; மடிக்கணினியின் பற்றரி வீணாகத் தீரும்.

இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எவ்வளவு நீர் என்பது கூட்டத்தில் முடிவாகிறது. குளத்தின் மதகான துருசைத் திறப்பவருக்கு அந்தத் துருசின் பாரமும் இறுக்கமும் தெரியும். முடிவின்படி திறக்கிறார், மூடுகிறார். கூட்டம் கருனி போல, துருசு திறப்பவர் இயக்கி போல என்று மாணவிக்குச் சொன்னதும் விளங்கிவிட்டது.

'இயங்கு' தன்வினை, 'இயக்கு' பிறவினை. அடங்கு, அடக்கு போல. அதோடு இகர விகுதி சேர்ந்தால் இயக்கி. ஒலிபெருக்கி, கட்டுப்படுத்தி எல்லாம் இந்தக் குடும்பந்தான். அஃறிணை, ஆகவே 'இயக்கி துண்டிக்கிறது' என்று இயல்பாக எழுதலாம். இந்த மண்ணில் அந்தச் சொல் போராட்ட இயக்கத்தை நினைவூட்டும் என்று தயங்கியவரும் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்குகிறோம் என்று நாள்தோறும் சொல்கிறோம். பழைய வினையொன்றை அச்சத்துக்காக இழக்க என்னால் முடியாது.

அதே குறிப்பில் வலு முகாமைத்துவம் 'சக்தி முகாமைத்துவம்' என்று இருந்தது. நம் பாடநூல்களில் யூலில் அளப்பது சக்தி, உவாற்றில் அளப்பது வலு. ஒரு செக்கனில் ஒரு யூல் என்றால் ஓர் உவாற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. சொற்களை அகராதியில் பார்த்து அடுக்குகிறார்களே தவிர, அந்தப் பொருள் எப்படி வேலைசெய்கிறது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. இதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

குறிப்பின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'சாரதியைப் பராமரித்தல்'. அதைப் படித்தால் யாரோ ஒருவருக்குச் சோறு போடுவது போல இருக்கிறது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கருனி வெளிவருகிறது. அதன் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் வழிகளான உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. கருனியின் மூலநிரலில் சேராமல் வெளியே வைத்த இயக்கியை ஒவ்வொரு முறையும் பரிசோதித்துத் திருத்த வேண்டும். 'இயக்கிப் பராமரிப்பு' என்றால் இவ்வளவும் அடங்கும்.

அந்த மாணவி இப்போது ஒரு யூ.எஸ்.பி. கட்டுப்படுத்திக்கு எழுதிவரும் இயக்கிக்குத் தமிழில் குறிப்பும் எழுதுகிறாள். முதல் வரி: "பயன்பாட்டு எண்ணிக்கை பூச்சியமானதும் இயக்கி கட்டுப்படுத்தியின் வலுவைத் துண்டிக்கும்."