பீடி, சிகரெட்டை நிறுத்த அரசு தரும் உதவி: 1800-11-2356 என்ற எண்ணும் அதைத் தொடர்ந்து கிடைப்பவையும்

சிகரெட் பாக்கெட்டிலும் பீடிக்கட்டின் மேல் சுற்றிய தாளிலும் உள்ள எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். 2018 செப்டம்பர் 1 முதல் எல்லாப் புகையிலைப் பொருட்களின் உறையிலும் இந்த எண் இடம்பெற வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதி. ஆனால் டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் ஒன்று, இரண்டு என்று உதிரியாக சிகரெட் வாங்குவோர் கையில் பாக்கெட் வருவதே இல்லை என்பதால், பல ஆண்டுகளாகப் புகைப்பவர்களில் பலர் இப்படி ஓர் எண் இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள். "மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம்" என்ற ஒற்றை அறிவுரையோடு அவர்களைத் தனியே விடுவது நியாயமன்று. புகையிலையிலுள்ள நிக்கோடின் மூளையைப் பழக்கி அடிமைப்படுத்தும் பொருள். அதிலிருந்து மீளச் சிகிச்சை உண்டு, அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு.

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்த எண்ணில் கிடைக்கும் இலவசத் தொலைபேசி ஆலோசனை 2016 மே மாதத்தில் டெல்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கி, பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்), மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குவாஹாட்டி பரூவா புற்றுநோய் நிறுவனம் ஆகிய மூன்று இடங்களுக்கும் விரிந்தது. நிம்ஹான்ஸ் மையத்தில் தமிழிலேயே பேசலாம். திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

அழைத்தால் அறிவுரை சொல்லித் திட்டுவார்கள் என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. உண்மையில் ஆலோசகர் கேட்பவை எளிய கேள்விகள்தாம்: எத்தனை ஆண்டுகளாகப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை, இதற்கு முன் விட முயன்றதுண்டா, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் அல்லது பீடி. இவற்றுள் கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைக்கத் தேடுபவரின் உடல் நிக்கோடினை அதிகமாகச் சார்ந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் புகையை நிறுத்தும் நாள் ஒன்றை இருவரும் பேசிக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஆலோசகரே திரும்ப அழைத்து நிலைமையைக் கேட்கிறார். பேச விரும்பாதவர்கள் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துக் குறுஞ்செய்தி வழி உதவியில் சேரலாம்.

நேரில் பார்க்க விரும்புவோருக்குப் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் மையங்கள் இருக்கின்றன. 2002இல் நாடு முழுவதும் 13 இடங்களில் இவை தொடங்கப்பட்டபோதே சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. இன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும், மருத்துவக் கல்லூரிகளிலும், பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இவை செயல்படுகின்றன. புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் "புகைப்பழக்கத்தை நிறுத்த ஆலோசனை எங்கே?" என்று கேட்டாலே போதும்.

புகை இல்லாமலே சிறிதளவு நிக்கோடினைத் தந்து தவிப்பைத் தணிக்கும் நிக்கோடின் சூயிங் கம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2 மில்லிகிராம் அளவுள்ளது மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும்; 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கே பொதுவாக 4 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. என் உறவினர் ஒருவர் இதைச் சாதாரணச் சூயிங் கம் போல வேகமாக மென்று, விக்கலும் குமட்டலும் வந்து, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாம் நாளே தூக்கிப்போட்டுவிட்டு மீண்டும் பீடிக்குத் திரும்பினார். மெல்லும் முறையை யாராவது சொல்லியிருந்தால் அந்த முயற்சி வீணாகியிருக்காது. மெதுவாகச் சில முறை மென்றதும் மிளகு கடித்தாற்போல நாக்கில் சுறுசுறுப்பு தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, இம்முறை மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், பயனும் குறையும். காபியும் பழச்சாறும் அதை உறிஞ்சவிடாமல் தடுப்பதால், மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, 12 வாரத்தில் நிறுத்துவது வழக்கம். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பூப்ரோபியான், வாரெனிக்ளின் ஆகிய மாத்திரைகளும் பயன்படுகின்றன. இவற்றை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது தொடங்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் பூப்ரோபியான் ஆகாது. இ-சிகரெட்டை மாற்றாக எண்ண வேண்டாம்; 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடைசெய்யப்பட்டுள்ளன.

நிறுத்திய பின் முதல் வாரம்தான் கடுமையானது: எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுதல், அதிகப் பசி. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை தணியும். புகைக்க வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால், அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீர் குடித்தோ, மூச்சை ஆழமாக இழுத்து விட்டோ, இடத்தைவிட்டு எழுந்து நடந்தோ கடத்தச் சொல்வார்கள். டீயோடு சிகரெட் என்று பழகியவர் கொஞ்ச நாளைக்கு டீயை வீட்டிலேயே குடிப்பது நல்லது. வீட்டிலுள்ளவர்கள் அந்த வாரத்து எரிச்சலை நோயின் அறிகுறியாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு நாள் மீண்டும் புகைத்துவிட்டால் உதவி அத்துடன் முடிந்துவிடாது. பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளுக்குப் பிறகே முழுமையாக விட்டிருக்கிறார்கள். அதே எண்ணை மீண்டும் அழைத்து, சென்ற முறை எத்தனை நாள் தாக்குப்பிடித்தது, எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது கைதவறியது என்பதைச் சொன்னால், ஆலோசகர் அதற்கேற்ப அடுத்த தேதியைக் குறிக்க உதவுவார்.