இரண்டு ரீப்பரும் ஒரு சைக்கிள் டியூபும்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் என் தச்சுப்பட்டறை. மூலை செங்கோணமா என்று பார்க்கும் இரும்பு மூலைமட்டத்தில், எண்ணெய் தடவாவிட்டால், வாடைக்காற்று முடிவதற்குள் துரு ஏறிவிடும். கை தவறி ஒருமுறை விழுந்தாலும் போச்சு. அப்படி ஒன்றை நம்பி நாலுக்கு மூன்றடி ஜன்னல் நிலை ஒன்றைக் கூட்டிக் கொடுத்தேன். கொத்தனார் வைத்துப் பூசியும் விட்டார். கதவு மாட்டப் போனால் ஒரு பக்கம் இடிக்கிறது, மறுபக்கம் சந்து தெரிகிறது. மூலைக்கு மூலை சரியாக ஐந்தடி வந்திருக்க வேண்டும். ஒரு குறுக்களவு இரண்டு நூல் கூடுதல், மற்றது இரண்டு நூல் குறைவு. எட்டு நூல் ஓர் அங்குலம். ஆறு அங்குல மட்டத்தில் அரை நூல்கூட இல்லாத கோணல், நாலடியில் மூன்று நூலாகிவிட்டது. உடைத்துத் திருப்பி வைத்த கூலி என் தலையில்.

மூலைமட்டத்தைச் சோதிப்பது லேசு. நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கோடு இழுங்கள். புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் விலகினால் மட்டம் கெட்டது. விலகலில் பாதிதான் அதன் பிழை.

நிலைக்கு இப்போது நான் மூலைமட்டத்தை மட்டும் நம்புவதில்லை. மூன்றரை அடியில் இரண்டு தேக்கு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், ஆளுக்கொரு முனையைக் கூராகச் சீவி, கூர்முனைகள் வெளியே பார்க்க ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சைக்கிள் டியூப் வளையம் இரண்டு மாட்டிவிட்டேன். இழுத்தால் நகரும், விட்டால் நிற்கும். உள்மூலையில் ஒரு முனை, எதிர்மூலையில் மறுமுனை. இரண்டு ரீப்பருக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு. அப்புறம் அடுத்த மூலைகளுக்கு மாற்றுங்கள். ரீப்பர் நகர்ந்து கோடு உடைந்தால் நிலை கோணல். மறுபடி ஒரு கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் ரீப்பர் நிற்கும்வரை நீளமான மூலைகளைக் கிளாம்ப் போட்டு நெருக்கினால் சரி. டேப்பிலும் பார்க்கலாம். ஆனால் உள்மூலையில் அது வளைந்துகொள்ளும், கொக்கியும் ஆடும்.

ஒன்று முக்கியம். எதிரெதிர்ச் சட்டங்கள் சம நீளமா என்று முதலில் பாருங்கள். மேல்சட்டம் குட்டையாகி இரு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தாலும் மூலைக்கு மூலை சமமாகவே காட்டும், ஏமாந்துவிடுவோம்.

சரியானதும் குறுக்கே ஒரு பட்டை அடித்துத்தான் பட்டறையை விட்டு அனுப்புகிறேன். “இடைஞ்சலா இருக்குண்ணே” என்று கொத்தனார் கழற்றப் பார்ப்பார். வீட்டுக்காரர்களே, பூச்சு இறுகும்வரை கழற்ற விடாதீர்கள்.