'தி' என்றால் என்கிற

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் பழைய தேவாலயப் பதிவேடுகளில் 'பியேர் உதோன் தி போல்யு' என்பது மாதிரியான பெயர்கள் நிறைய வரும். நடுவில் நின்று குடும்பப் பெயரையும் கூடவே வழங்கிய இன்னொரு பெயரையும் இணைக்கிற அந்தத் 'தி'யைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பாடாய்ப் படுத்துகிறார்கள். "போல்யு என்ற புனைபெயர் கொண்ட உதோன்" என்று எத்தனை தடவைதான் படிப்பது? சிலர் அதை (dit) எழுத்துக்கூட்டி 'டிட்' என்றே எழுதிவிடுகிறார்கள். கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காது; பெண்ணைக் குறிக்கும்போது மட்டும் 'தித்' ஆகும்.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'திக்துஸ்', சொல்லப்பட்டவன். அது தேய்ந்து பிரெஞ்சில் 'தி' ஆனது.

புனைபெயர் ஏன் பொருந்தாது? அது எழுதுகிறவன் தானே சூட்டிக்கொள்வது, அவனோடு முடிவது. எழுத்தாளரின் பேரப்பிள்ளைகள் அதைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. 'தி' பெயரோ பரம்பரைக்கு இறங்கியது. 1665-இல் கரிஞான்-சலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவில் சுமார் 1,200 பேர் கனடாவுக்கு வந்தார்கள். அவர்களில் 400 பேர் அளவில் அங்கேயே குடியேறினார்கள். லாஃப்ளர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்) என்றெல்லாம் சிப்பாய்களுக்கு இருந்த படைப்பெயர்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டன. உதோன் வம்சத்தில் இன்று சிலர் உதோன், சிலர் போல்யு. இதில் புனைவு எங்கே இருக்கிறது?

பட்டப்பெயர் என்பவர்கள் பாதி சரி. தஞ்சாவூர்ப் பக்கம் பட்டப்பெயர் பரம்பரையாகவும் வரும். ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது நையாண்டிப் பெயராகத்தான் கேட்கும். மிவில் குடும்பத்தின் ஒரு கிளைக்குத் தெஷேன் என்ற பெயர் நிலத்தால் வந்தது. யாரும் கேலி செய்து வைத்ததில்லை. தாய்வழிக் குடும்பப் பெயரே 'தி' பெயரானதும் உண்டு. 'மாற்றுப்பெயர்' இன்னும் மோசம். ஒன்றை நீக்கி இன்னொன்றை வைத்த மாதிரி ஆகிறது. இங்கே இரண்டும் ஒரே காலத்தில் செல்லும். ஒருவர் ஞானஸ்நானப் பதிவில் உதோனாகவும் கல்யாணப் பதிவில் போல்யுவாகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் நம்மிடம் 'என்கிற' இருக்கிறது. 'என்' என்ற வினையடிக்கே சொல்லுதல் என்றுதான் பொருள். 'உதோன் என்கிற போல்யு' என்று எழுதினால் பிரெஞ்சுச் சொல்லின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது, வேர் உட்பட. போலீஸ் குற்றப்பத்திரிகை வாடை அடிக்கிறது என்பார்கள். சரி, அடிக்கட்டும். காவல் நிலையம் எடுத்துக்கொண்டது என்பதற்காக நல்ல சொல்லை விட்டுக்கொடுக்க முடியுமா? பெயர்வகையைக் குறிக்கத் தனிச்சொல் வேண்டுமானால் 'வழங்குபெயர்' போதும்.

ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் பார்த்துத் தமிழாக்குவதால் வருகிற வினைதான் இது. ஆங்கிலத்தில் 'அலியாஸ்' என்று யாரோ எழுதியிருப்பார்கள், உடனே அகராதியில் கண்ட முதல் சொல் வந்து விழும். இதே அவசரத்தில்தான் கியூபெக் பெண்களைக் கணவன் பெயரோடு 'திருமதி' ஆக்குவதும். அந்தப் பதிவேடுகளில் கல்யாணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருக்கிறாள். 1981 முதல் அங்கே சட்டமும் அதுதான். இன்னொரு கூத்து, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களில் பெயர்கள் ஆங்கிலத்துக்கு மாறி, ருவா 'கிங்' ஆனது, புவாவேர் 'கிரீன்வுட்' ஆனது. அதைப் பார்த்து ஒருவர் 'பச்சைமரக் குடும்பம்' என்று எழுதியிருந்தார். என்ன சொல்ல!

மூதாதையரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லாஃப்ளர் என்ற பெயர் பொருந்தியதும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பல சிப்பாய்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. 'என்கிற'வுக்கு முன்னால் நிற்கிற பெயரையும் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வந்த தாங்கே பாதிரியாரின் வம்சாவளி அகராதியைப் புரட்டும்போதும் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.