நெறி கட்டும் இடத்தில் ஒரு நாற்றங்கால்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "ஐயா, தட்டம்மை சிறுவயதில் ஒரு தடவை வந்தது, அதோடு சரி. ஃபுளூ காய்ச்சல் மட்டும் ஐப்பசி மழை தொடங்கினால் வந்துவிடுகிறது. எத்தனை முறை பட்டாலும் உடம்புக்குப் புத்தி வராதா?" அவர் 1961இல் பிறந்தவராம்; மனைவி 1969. வயதை எதற்கு எழுதினாரோ, எனக்கு அது நன்றாகப் பயன்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூக்கு வழியாக வைரஸ் நுழைவது, தொண்டைச் செல்களில் பெருகுவது, உடல் அபாய மணி அடிப்பது, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து தொற்றிய செல்களைக் கொல்வது எல்லாம் பள்ளிப் பாடத்தில் இருப்பவைதான். காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இந்தச் சண்டையின் புழுதி. நான் நிற்க விரும்பும் இடம் தாடைக்குக் கீழே இருக்கிறது. தொட்டால் வலிக்கும் ஓர் உருண்டை. "நெறி கட்டியிருக்கிறது" என்று சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவார்கள். பூசட்டும். உள்ளே அப்போது ஒரு நாற்றங்கால் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த உருண்டை ஒரு நிணநீர்க் கணு. அதில் தங்கியிருக்கும் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவமுள்ள பிடிமானம் ஒன்றைத் தாங்கியிருக்கின்றன. இந்தப் பிடிமானமே செல்லை விட்டு வெளியே உமிழப்பட்டால் எதிர்ப்பொருள். மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துச் செய்த பிடிமானங்கள் அவை. வைரஸைக் காண்பதற்கு முன்பே தயாரானவை. (இதைக் கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் கிடைத்தது.) வைரஸின் மேலுள்ள ஹீமக்ளுட்டினின் என்ற முள்ளைச் சுமாராகப் பிடிக்கக்கூடிய சில பி செல்கள் ஒன்றுகூடிப் பெருகத் தொடங்குகின்றன.

வெறுமனே பெருகினால் சுவாரஸ்யமில்லை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அவை தம் எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே பிழை செய்கின்றன. ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை, சாதாரண வேகத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு. வேறெந்த மரபணுவில் இப்படி நடந்தாலும் புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டியதுதான். இங்கே அதுவே தொழில்! பிழைபட்ட செல்கள் அடுத்த பக்கத்துக்கு நகர்கின்றன. அங்கே கிளை விரித்த செல்கள் வைரஸ் துண்டுகளைத் தோரணம் போல மாட்டி வைத்திருக்கின்றன. எந்த பி செல் இறுகப் பிடித்து அதிகம் பிய்த்துக்கொண்டு வருகிறதோ, அதற்கே துணை டி செல் 'பிழைத்துப் போ' என்று அனுமதி தருகிறது. மற்றவை பதராகச் சாகின்றன. தேறியவை திரும்பிப் போய் மறுபடி பிரிகின்றன, மறுபடி பிழை, மறுபடி புடைப்பு. வாரக்கணக்கில் இப்படியே. வைரஸின் வடிவத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் வரவரப் பிடி இறுகுகிறது. நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பவருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

விளைச்சலில் ஒரு பங்கு எதிர்ப்பொருள் ஆலைகளாகிறது. ஒரு செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் உமிழும். இன்னொரு பங்கு நினைவுச் செல்கள், அதாவது குதிரில் போடும் விதை நெல். நோய் எதிர்ப்பைத் தண்ணீர்த் தொட்டி போல 'கூட்டித் தருவதாக' பொடி விற்பவர்கள் மீது எனக்குள்ள கோபம் இதனால்தான். எந்தக் கிருமிக்கு எந்த விதை என்று கணக்கு வைத்திருக்கும் உடம்புக்கு, பொதுவாகக் கூட்ட அங்கே என்ன இருக்கிறது? சுக்குமல்லி காபி குடியுங்கள், தொண்டைக்கு இதம். அதற்குமேல் அதனிடம் கேட்காதீர்கள்.

சரி, புத்தி ஏன் போதவில்லை? தட்டம்மை வைரஸால் தன் முகத்தை மாற்றிக்கொள்ள முடிவதில்லை. ஃபுளூவோ மரபுச் செய்தியைப் பிழை திருத்தாமல் நகலெடுப்பது. முள்ளின் தலைப்பகுதி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அங்கேயும் பிழை, இங்கேயும் பிழை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. எந்த ஊரில் எந்த வகை உலவுகிறது என்று ஆண்டு முழுவதும் பார்த்தால்தான் அந்த முடிவு சரியாக இருக்கும். காய்ச்சல் தலைப்புச் செய்தியாகும்போது நினைவுக்கு வரும் ஆராய்ச்சிப் பணம் சித்திரை மாதத்திலும் வர வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, உடம்பு முதல் விதையை மறப்பதில்லை. 1918 பெருந்தொற்றுக் காலத்தில் உயிரோடிருந்த 32 முதியவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2008இல் முடிவுகள் வெளியாயின. அவர்களுக்கு வயது 91 முதல் 101 வரை. தொண்ணூறு ஆண்டு கழித்தும் அந்த வைரஸுக்கான எதிர்ப்பு அவர்களிடம் இருந்தது. புது வகை வந்தாலும் உடம்பு முதலில் பழைய குதிரின் கதவைத்தான் திறக்கிறது. 1960இல் ஃபுளூ ஆராய்ச்சியாளர் தாமஸ் பிரான்சிஸ் இதற்கு 'ஆதிப் பாவம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பாவம் என்பது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் மேலூர்த் தம்பதியின் வயது உதவுகிறது. 1957 முதல் 1968 வரை உலவியது எச்2என்2 என்ற ஃபுளூ வகை (எச் என்பது அந்த ஹீமக்ளுட்டினின் முள்ளைக் குறிக்கும்); அவருக்கு முதலில் வந்த ஃபுளூ அநேகமாக அதுதான். 1968க்குப் பிறகு எச்3என்2. மனைவியின் முதல் விதை பெரும்பாலும் அது. எச்2வும் பறவைக் காய்ச்சல் எச்5உம் ஒரே கிளை. எச்3உம் இன்னொரு பறவைக் காய்ச்சலான எச்7உம் மற்றொரு கிளை. 2016இல் வந்த ஓர் ஆய்வின்படி, 1968க்கு முன் பிறந்தவர்களிடம் எச்5என்1 கடுமையாவது குறைவு. பின் பிறந்தவர்களிடம் எச்7என்9 கடுமையாவது குறைவு. ஒரே கூரை, இரண்டு குதிர்.

ஆண்டுதோறும் வரும் ஃபுளூவுக்கு இருவருக்கும் பழைய விதை போதாது. தடுப்பூசி போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுப் புரட்டாசியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள் திரள இரண்டு வாரமாகும், மழை அதற்குள் வந்துவிடக்கூடாது.