அறிவியல் இனவாதம் – சொல் விளக்கம்

மனிதரை இனங்களாகப் பிரித்து, மேல் கீழ் என்று அடுக்கி, அந்த அடுக்குக்கு அளவீடுகளைச் சான்றாகக் காட்டுவதே ‘சயின்டிஃபிக் ரேசிசம்’. ‘ரேஸ்’ இத்தாலிய ‘ராட்சா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘ரேசிசம்’ பரவலானது 1930களில், நாஜிகளைக் கண்டிக்கும்போது.

சென்னைக்கு இதில் நேரடிப் பங்குண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக ஆட்களின் மூக்கை அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் மூக்குக் குறியெண். 70க்குக் கீழ் குறுகிய மூக்கு, 85க்கு மேல் அகன்ற மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். அகலம் 36 மி.மீ., உயரம் 48 மி.மீ. என்றால் 75, நடுத்தரம். மூக்குமடலோ மென்மையானது. அளவியை 3 மி.மீ. கூடுதலாக அழுத்திவிட்டால் அகலம் 33, குறியெண் 68.75, அதே ஆள் ‘குறுகிய மூக்கு’க்காரர் ஆகிவிடுவார்! அளவு துல்லியமாகவே இருந்தாலும், மூக்கின் அகலம் அறிவையோ தகுதியையோ சொல்லாது. ஆனால் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி குறையும் என்றே எழுதினார்.

பிறகு மூக்கின் இடத்துக்கு ஐக்யூ, அதாவது நுண்ணறிவு ஈவு, வந்தது. பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் லின்னும் ஃபின்லாந்து அரசியல் அறிஞர் டாட்டு வான்ஹானனும் 2002இல் வெளியிட்ட நாடுவாரிப் பட்டியலில் ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியின் சராசரி ஐக்யூ 59. அந்த எண் வந்தது ஸ்பெயினில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றிலிருந்து.

தமிழில் எப்படி எழுதுவது? ‘நிறவெறி’ போதாது, மூக்கும் மதிப்பெண்ணும் நிறமல்ல. ‘அறிவியல் இனவாதம்’ புழக்கத்தில் உள்ளது, ஆனால் ‘அறிவியல் மனப்பான்மை’ என்பதுபோல நற்சான்றாக ஒலிக்கிறது. ‘அறிவியல் போர்வை இனவாதம்’ என்பதே எங்கள் பரிந்துரை.

இத்தகைய ஆய்வுகளை எதிர்த்தால், ‘சென்சார்ஷிப்’ செய்கிறார்கள் என்ற புகாரும் கூடவே வரும்; அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘தணிக்கை’ என்று போட்டுவிடக் கூடாது. தணிக்கை என்றால் நமக்குக் கணக்குச் சரிபார்ப்பும்தான். வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறுவது ‘மீளப்பெறல்’. லின் தரவைப் பயன்படுத்திய கட்டுரை ஒன்றை ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழ் 2020இல் மீளப்பெற்றது. கேட்டவர்கள் அதை எழுதியவர்களே. கருத்துக்காகத் தடுத்தால் ‘கருத்துத் தடை’, ஆளை அச்சுறுத்தினால் ‘மிரட்டல்’. கறுப்பர்–வெள்ளையர் ஐக்யூ வேறுபாட்டில் மரபணுவுக்குப் பங்கிருக்கலாம் என்று 1969இல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சனுக்கு மிரட்டல்கள் வந்தது உண்மை, அப்படி மிரட்டியது தவறும்கூட. ஆனால் அந்தக் கட்டுரை மீளப்பெறப்படவில்லை. தேடினால் இன்றும் படிக்கலாம்.